மருவுக்குக் கொப்புள மருந்து போட்டபின் இவ்வளவு பெரிதாகவா பொங்கும்?

எடிசன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு வலது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு மரு, இடது முழங்காலில் கூட்டமாகச் சில. கடையில் விற்கும் சாலிசிலிக் அமில மருந்தைக் குளிர்காலம் முழுக்கத் தடவிப் பார்த்தாயிற்று, அசையவே இல்லை. தோல் டாக்டரிடம் போனோம். திரவ நைட்ரஜன் வைத்து மருவை உறைய வைத்தால் பையன் கத்துவான், வண்டிலிருந்து எடுக்கிற கேந்தரிடின் என்று ஒரு மருந்து இருக்கிறது, போடும்போது வலியே தெரியாது என்றார். அது உண்மைதான். பஞ்சு சுற்றிய குச்சியின் மரமுனையால் ஒவ்வொரு மருவிலும் தொட்டு வைத்தார், காய்ந்ததும் டேப் ஒட்டினார், பையன் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். சாயங்காலம் டேப்பை எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன்.

ராத்திரிதான் ஆரம்பித்தது. எரியுதும்மா என்று தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டான். டைலினால் கொடுத்துத் தூங்க வைத்தேன். காலையில் பார்த்தால் விரல் நுனியில் திராட்சை அளவுக்கு ஒரு கொப்புளம், உள்ளே தண்ணீர் கொஞ்சம் செம்பழுப்பாகத் தெரிகிறது. முழங்காலில் தனித்தனியாக இருந்த மருவெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கொப்புளமாகி, சுற்றிலும் சிவந்திருக்கிறது. கிளினிக்குக்கு அழைத்தால் மெஷின்தான் பேசுகிறது, திங்கட்கிழமைதான் ஆள் வருவார்களாம். கொப்புளம் வரும் என்று சொன்னார்கள்தான், ஆனால் இந்த அளவுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

இதை உடைக்கலாமா கூடாதா? உள்ளே இருக்கும் தண்ணீர் பட்டால் தங்கைக்கும் மரு வருமா? தழும்பு நிற்குமா? போனில் மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போடச் சொல்கிறார், அதைப் போடலாமா என்றும் யாராவது சொல்லுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பலாமா?


ஸ்கார்பரோ_வாசுகி:

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கோ. எங்கட மகளுக்கும் உள்ளங்காலில் பாலுண்ணிக்கு இதே மருந்துதான் போட்டவை. டொக்டர் அறையில் சிரித்துக்கொண்டு இருந்த பிள்ளை அன்று இரவு காலை நிலத்தில் வைக்க மாட்டேன் என்று அழுதாள். அடுத்த நாள்தான் நோவு கூட, அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

உள்ளங்காலில் தோல் தடிப்பு என்றபடியால் உங்கட மகனுக்கு வந்தது போல மேலே பொங்கவில்லை. வெளியில் பார்த்தால் வெள்ளையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். தண்ணீர் எல்லாம் உள்ளுக்கே நின்று அழுத்துகிறது. மிதித்தால் உயிர் போகிற நோ. பிறகு கிளினிக்கில் ஊசியால் ஓரத்தில் சின்னதாகக் குத்தித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டினம், மேல் தோலைத் தொடவில்லை. காரில் ஏறும்போதே பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு அந்தத் தோல் காய்ந்து மண்ணிறமாகி, இரண்டாம் கிழமை முடியக் குளிக்கும்போது தானாகக் கழன்று விழுந்தது. அடியில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் இருந்தது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும், இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடுவில் இருந்த பாலுண்ணி போய்விட்டது, ஆனால் கொப்புளத்தின் ஓரத்தைச் சுற்றி வளையம் போலப் புதிதாக ஒன்று முளைத்தது, நடுவில் நல்ல தோல், சுற்றிவரப் பாலுண்ணி! நான் ஏதோ விசித்திரமான வியாதி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன். டொக்டர் பார்த்துவிட்டு, இது நடக்கிறதுதான் என்று சொல்லி வளையத்துக்கு வேறு முறையில் வைத்தியம் செய்தார். ஆகவே ஆறிய பிறகும் கொஞ்ச நாள் ஓரங்களைக் கவனித்துப் பாருங்கோ.


மதுரை_தோல்_டாக்டர்:

நான் தோல் மருத்துவர். பையனைப் பார்க்காமல் அவனுக்கு என்ன என்று சொல்ல முடியாது, பொதுவாக எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

மரு வருவது எச்.பி.வி. என்ற வைரஸால். அது தோலின் மேலடுக்கில்தான் குடியிருக்கும், ஆழமாக வேர்விட்டுப் போவதில்லை. மருவைச் சீவினால் தெரிகிற கறுப்புப் புள்ளிகளை வேர் என்பார்கள், அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். அந்த மேலடுக்கில் ஒரு செல்லை அடுத்த செல்லோடு பிடித்து வைத்திருக்கும் இணைப்புகள் உண்டு. கேந்தரிடின் அந்த இணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. பிடிப்பு விட்ட இடத்தில் நீர் சேர்ந்து, வைரஸ் இருக்கும் தோலை அப்படியே மேலே தூக்கிவிடும். அதுதான் உங்கள் பையன் விரலில் இருக்கும் கொப்புளம். அடித்தோலை இது வெட்டுவதில்லை, அதனால் பொதுவாகத் தழும்பு விழாது. ஆனால் நம் தோல் நிறத்துக்கு ஆறிய இடம் சில மாதம் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். அதைத் தழும்பு என்று நினைத்துக் கண்ட கிரீமையும் தேய்க்க வேண்டாம், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருந்து வைத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொப்புளம் முழுசாகப் பொங்கிவிடும். லேசாக ரத்தம் கலந்திருந்தாலும் பயமில்லை. பக்கத்துப் பக்கத்தில் மரு இருந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய கொப்புளமாவதும் சகஜம். மரு அளவுக்குத்தான் கொப்புளம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் எந்தத் தோல் எவ்வளவு பொங்கும் என்று மருந்து வைக்கிறவருக்கே முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் பல டாக்டர்கள் முதல் தடவை ஓரிரண்டு மருவில் மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். நகத்தை ஒட்டிய இடம் என்றால் வலி கூடுதலாகவே இருக்கும், அங்கே விரிய இடம் கிடையாது. நான்கு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வற்றிப் பொருக்குத் தட்டும், பிறகு உதிரும்.

உடைக்கலாமா என்று கேட்டீர்கள். வலி தாங்கும்படி இருந்தால் தொட வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோலை விடச் சிறந்த கட்டு எதுவும் இல்லை. விண் விண் என்று தெறித்து, பையனால் விரலையே மடக்க முடியவில்லை என்றால், ஸ்கார்பரோ சகோதரி சொன்னது போல, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வடிக்கலாம். இதையும் கிளினிக்கில் செய்வது நல்லது. எக்காரணம் கொண்டும் தோலை உரித்து எடுக்காதீர்கள். உரித்தால் அடியில் பச்சைப் புண்ணாக இருக்கும், அதில் தண்ணீர் பட்டாலே பிள்ளை துடித்துவிடுவான். தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் மென்மையாகக் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத பேண்ட்எய்ட் போடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் (உங்கள் ஊர் டைலினால் அதுதான்) எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள், ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணியை அவ்வப்போது வைத்தால் எரிச்சல் அடங்கும், ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள்.

மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். மாமியாரிடம் கோபப்படாமல் சொல்லிக்கொள்ளுங்கள். சமையல் மஞ்சள்தூள் சுத்தமான மருந்து இல்லை, உடைந்த கொப்புளத்தில் அது போய் ஒட்டிக்கொண்டால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பற்பசை, பேனா மை எல்லாம் பூசிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆகும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஒன்றிரண்டு நாளில் குறைய வேண்டிய வலியும் சிவப்பும் குறையாமல் பரவுவது, தொட்டால் சுடுவது, நீர் மஞ்சளாகிச் சீழாவது, காய்ச்சல், விரலிலிருந்து கை மேல்நோக்கிச் சிவப்புக் கோடு போலப் போவது. இதில் எது தெரிந்தாலும் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அர்ஜென்ட் கேருக்குப் போய்விடுங்கள்.

தங்கையைப் பற்றி: கொப்புளத் தோலில் மருவின் பகுதிகள் இருக்கும் என்பதால் துண்டு, நகவெட்டி தனியாக இருக்கட்டும், கட்டு மாற்றியதும் கை கழுவுங்கள். அவ்வளவு போதும், அண்ணனோடு விளையாடாதே என்று பிரித்து வைக்க வேண்டாம். மூடிக் கட்டியிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். நீச்சல் குளம் மட்டும் ஆறும்வரை வேண்டாம்.

இன்னொன்று, பையன் விரல் சூப்புகிறவனா, நகம் கடிக்கிறவனா? அடுத்த முறை விரலில் மருந்து வைப்பதற்கு முன் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து வயிற்றுக்குள் போனால் விஷம்.


துவரங்காட்டான்:

டாக்டர் ஐயா, எடிசன் அம்மா வண்டு என்றதும்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம். துவரை பூக்கும் நேரத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டு கூட்டமாக வந்து பூவையே தின்று தீர்க்கும். உளுந்து, வெண்டை, வீட்டுச் செம்பருத்தியைக்கூட விடாது. விவசாய ஆபீசில் கொப்புள வண்டு என்பார்கள். வெறுங்கையால் பிடித்து நசுக்கினால் மறுநாள் அந்த இடத்தில் நீர்க்கொப்புளம் வரும், அதனால் கையுறை போட்டோ வலை வைத்தோதான் பிடித்து மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போடுவோம். பூச்சிமருந்து அடித்தாலும் அடுத்த காட்டிலிருந்து பறந்து வந்துவிடும். அந்த வண்டும் இந்த மருந்தும் ஒன்றா?


மதுரை_தோல்_டாக்டர்:

ஒரே குடும்பம், ஒரே சரக்கு. பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் பயன்பட்டது பச்சையாக மின்னும் வேறொரு இனம், அதை ஸ்பானிஷ் ஈ என்று சொன்னார்கள், ஆனால் அது ஈ இல்லை, வண்டுதான். ஆண் வண்டு இந்தக் கேந்தரிடினை உடம்பில் வைத்திருந்து சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், பெண் அதை முட்டைகளோடு சேர்த்து இடும், எறும்பும் மற்ற பூச்சிகளும் முட்டையைத் தொடாது. தன் முட்டைக்குக் காவலாக வைத்த விஷத்தைத்தான் நாம் எடுத்து மருவில் வைக்கிறோம்.

அமெரிக்காவில் இதன் கதை விசித்திரம். பழைய மருந்துகளும் பலன் தருவதை நிரூபிக்க வேண்டும் என்று 1962-இல் சட்டம் வந்தது, தயாரித்தவர்கள் அந்த ஆதாரங்களைக் கொடுக்கவில்லை, மருந்து சந்தையை விட்டே போனது. ஆனாலும் தோல் மருத்துவர்கள் மருந்துக்கடையில் கலந்து வாங்கிப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். 2023 ஜூலையில்தான் 0.7 சதவீதக் கரைசல் ஒன்றுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடைத்தது, அதுவும் மொலஸ்கம் என்கிற, நடுவில் சிறு குழி விழுந்த முத்து போன்ற பருக்களுக்கு, 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அது வேறு வைரஸ். சாதாரண மருவுக்கு டாக்டர்கள் தங்கள் அனுபவத்தில் வைக்கிறார்கள். நம் ஊரில் இது அதிகம் புழக்கத்தில் இல்லை, இங்கே நைட்ரஜனும் மின்சாரத்தால் சுடுவதும்தான் வழக்கம்.


அம்பத்தூர்_பாலா:

நைட்ரஜன் வைத்துக்கொண்டவன் நான். கேந்தரிடின் போடும்போது வலிக்காது, ராத்திரி வலிக்கும் என்கிறீர்கள். இது நேர் எதிர். மைனஸ் 196 டிகிரி சமாச்சாரம், தெளிக்கும்போதே ஊசியால் குத்திக்கொண்டே இருப்பது போல இருக்கும், மரு உறைந்து வெள்ளையாகிவிடும், அப்புறம் உருகும்போது இன்னொரு ரவுண்டு வலி. எனக்குப் புறங்கையில் மறுநாள் வந்தது ரத்தக் கொப்புளம், கருநீலமாக. ஆபீசில் பார்த்தவர்கள் கதவில் நசுக்கிக்கொண்டாயா என்று கேட்டார்கள். கொப்புளத்தை என்ன செய்வது என்பதெல்லாம் டாக்டர் மேலே சொன்ன அதே கதைதான். மரு போய்விட்டது, ஆனால் அந்த இடம் வட்டமாக வெளுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. சாதாரணத் தோல் செல்லை விட நிறம் தரும் செல் குளிருக்குச் சீக்கிரம் செத்துவிடுமாம். முன்பே தெரிந்திருந்தால் முகத்தில் மரு உள்ளவர்கள் யோசித்து முடிவெடுக்கலாம்.

எங்கள் பாட்டி இதற்கெல்லாம் அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலைத் தடவுவார். அக்காவுக்கு அப்படித்தான் போயிற்று. இன்னொரு வீட்டில் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போட்டார்கள், அவர்களுக்கும் போயிற்று. பக்கத்து வீட்டில் தூஜா என்ற ஹோமியோபதி உருண்டை சாப்பிட்டார்கள், அதிலும் போயிற்றாம். எதுதான் மருந்து டாக்டர்?


மதுரை_தோல்_டாக்டர்:

காலம்தான் மருந்து, பாலா. குழந்தைகளுக்கு வரும் மருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எதுவும் செய்யாமலே இரண்டு வருடத்துக்குள் மறைந்துவிடும், உடம்பு வைரஸை அடையாளம் கண்டுகொண்ட நாளில் ஒரேயடியாக எல்லாம் உதிரும். அந்த வாரம் யார் என்ன செய்துகொண்டிருந்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும், எங்கள் நைட்ரஜனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுங்கள், அதனால் தோலுக்குக் கெடுதல் இல்லை. செடிப்பால் அப்படி இல்லை, கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைத்துக்கொண்டு ஆழமான புண்ணோடு வருகிறவர்களும் உண்டு, அதற்கு மருவே பரவாயில்லை.


எடிசன்_அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பாக டாக்டருக்கு. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். விரல் கொப்புளத்தை உடைக்கவில்லை. வாசலின், பேண்ட்எய்ட், அதன் மேல் ஒரு காட்டன் கையுறை மாட்டி ராத்திரி தூங்க வைத்தேன், இல்லாவிட்டால் தூக்கத்தில் பிய்த்துவிடுவான். திங்கட்கிழமை கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள், போட்டோ அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டு இப்படித்தான் வரும் என்றார்கள். இப்போது விரலில் தோல் சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. முழங்காலில் இருந்தது விளையாடும்போது உடைந்தது, ஜீன்ஸில் ஒட்டிக்கொண்டதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டியிருந்தது. அங்கே ஒன்றைத் தவிர மற்ற மருவெல்லாம் தோலோடு வந்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது. வகுப்பில் பேண்ட்எய்டைப் பிரித்துக் காட்டி ஹீரோ ஆகிவிட்டானாம், டீச்சரிடமிருந்து மெயில் வந்தது. மாமியாரிடம் மஞ்சள் போட்டேன் என்று சொல்லிவிட்டேன், மஞ்சளால்தான் ஆறியது என்று இப்போது உறவெல்லாம் பேசுகிறார்கள். மீதி இருக்கும் ஒன்றுக்கு உடனே மறுபடி போட வேண்டுமா?


மதுரை_தோல்_டாக்டர்:

அவசரம் வேண்டாம். முழுசாக ஆறட்டும், மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் அடுத்த தடவை வைப்பது வழக்கம். போகும்போது இந்த முறை எடுத்த போட்டோவைக் காட்டுங்கள், இவ்வளவு பொங்கியது என்று பார்த்தால் அடுத்த தடவை மருந்தைக் குறைவாக வைப்பார், அல்லது டேப்பை இன்னும் சீக்கிரம் எடுக்கச் சொல்வார். புதுத்தோல் வந்த இடத்தில் வாசுகி சொன்ன வளையம் வருகிறதா என்றும் பாருங்கள். பழைய சாலிசிலிக் அமிலத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், புதுத்தோலில் அது எரித்துவிடும்.


கேகே_நகர்_குமார்:

நல்ல இழை. எனக்குக் கழுத்தில் குட்டிக்குட்டியாக மரு தொங்குகிறது, அப்பாவுக்கு உள்ளங்காலில் ஒன்று, அவருக்குச் சுகர் உண்டு. இந்த வண்டு மருந்தை ஆன்லைனில் ஒரு சின்னப் பாட்டில் விற்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?


மதுரை_தோல்_டாக்டர்:

வாங்காதீர்கள். அந்தப் பாட்டிலில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது, வீட்டில் குழந்தை இருந்து வாயில் வைத்தால் விபரீதம். டாக்டர்களே இதை நோயாளி கையில் கொடுத்து அனுப்புவதில்லை.

உங்கள் கழுத்தில் தொங்குவது வைரஸ் மருவாக இருக்காது, காம்பு வைத்த தோல் தொங்கலாக இருக்கலாம். கழுத்து மடிப்பும் கறுத்திருந்தால் உங்களுக்கும் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் வேறு இருக்கிறது. அந்தத் தொங்கலை மரத்துப்போக வைத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், கொப்புளம் தேவையே இல்லை. அப்பாவுக்கு முதலில் அது மருவா கால் ஆணியா என்று ஒருவர் சீவிப் பார்த்துச் சொல்லட்டும். எதுவானாலும் சுகர் உள்ளவர் காலில் நீங்களாக எந்த அமிலமும் பிளாஸ்டரும் ஒட்ட வேண்டாம், உணர்ச்சி குறைந்த காலில் புண் விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், போகும்போது அவர் போடுகிற செருப்பையும் டாக்டரிடம் காட்டுங்கள்.